218 புள்ளி எடுத்தவர் தோற்ற ஆட்டம்

2019 ஜூலை 14, விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் முக்கிய மைதானமான சென்டர் கோர்ட். அன்றைய ஆண்கள் இறுதிப் போட்டியின் புள்ளிவிவரத்தை, முடிவு தெரியாத ஒருவரிடம் காட்டி யார் ஜெயித்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். மொத்தப் புள்ளிகள்: ஸ்விட்சர்லாந்தின் ராஜர் ஃபெடரர் 218, செர்பியாவின் நோவாக் ஜோகோவிச் 204. கேம்கள் (சில புள்ளிகள் சேர்ந்தது ஒரு கேம், சில கேம்கள் சேர்ந்தது ஒரு செட்) 36க்கு 32. எதிராளி தொடவே முடியாத செர்வான ஏஸ் 25க்கு 10. எதிராளி எட்ட முடியாத அடிகளான வின்னர்கள் 94க்கு 54. எதிராளியின் செர்வை உடைத்தது, அதாவது அவர் செர்வ் போடும் கேமை ஜெயித்தது, 7 முறைக்கு 3 முறை. எல்லா வரியிலும் ஃபெடரர்தான் மேலே. கோப்பையைத் தூக்கியது ஜோகோவிச். செட் கணக்கு 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. நேரம் 4 மணி 57 நிமிடம். விம்பிள்டன் இறுதிப் போட்டிகளிலேயே நீளமானது அதுதான்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "கடைசி வரை போராட வேண்டும்" என்று முடித்துவிடுகிறார்கள். ஃபெடரர் மட்டும் போராடவில்லையா என்ன? 38 வயது முடிய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில் ஐந்து மணி நேரம் நின்று ஆடினார். நான்காவது செட்டை எடுத்தார், ஐந்தாவதில் 2-4 என்று பின்தங்கியும் திரும்பி வந்தார், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்ற சாம்பியன்ஷிப் பாயிண்ட் வரை போனார். விடாமுயற்சி இரண்டு பக்கமும் சமமாக இருந்த ஒரு ஆட்டத்திலிருந்து விடாமுயற்சியைப் பாடமாக எடுப்பதில் அர்த்தமில்லை. இருவரையும் பிரித்தது வேறொன்று, அது அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

செட் சமமாக நின்றால் அதை முடிக்க ஆடும் கேம்தான் டை-பிரேக். அன்றைய மூன்று டை-பிரேக்குகளை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 7-5, 7-4, 7-3. மூன்றும் ஜோகோவிச்சுக்கு. ஆக, அங்கே அவர் எடுத்த புள்ளி 21, ஃபெடரர் எடுத்தது 12. மொத்தம் 422 புள்ளிகள் ஆடப்பட்ட ஆட்டத்தில் இந்த 33 புள்ளிகள் மூன்று செட்களைத் தீர்மானித்தன. மீதி 389 புள்ளிகளில் ஃபெடரர் 206, ஜோகோவிச் 183. அதாவது நூற்றில் தொண்ணூறுக்கும் மேலான நேரம் ஃபெடரர் நன்றாக ஆடினார், மிச்சமிருந்த எட்டுப் பங்கில் ஜோகோவிச் நன்றாக ஆடினார். டென்னிஸில் இது போதும்.

எல்லாப் புள்ளியும் ஒரே எடை இல்லை

கால்பந்தில் ஒரு கோல் எப்போது போட்டாலும் ஒரு கோல்தான். கிரிக்கெட்டில் முதல் ஓவரில் எடுத்த ரன்னும் கடைசி ஓவரில் எடுத்த ரன்னும் ஸ்கோர் போர்டில் ஒன்றுதான். டென்னிஸ் அப்படி எண்ணுவதில்லை. ஒரு கேம் முடிந்ததும் அதில் நீங்கள் எடுத்த உபரிப் புள்ளிகள் காணாமல் போகும். ஒரு செட் முடிந்ததும் உபரி கேம்களும் போய்விடும். இரண்டாவது செட்டை ஃபெடரர் 6-1 என்று எடுத்தார். 7-6 என்று எடுத்திருந்தாலும் அதற்கு அதே மதிப்புதான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு கேமில் புள்ளிகள் 15, 30, 40 என்று ஏறும், ஸ்கோரில் செர்வ் போடுபவரின் எண் முதலில் வரும். செர்வ் போடுபவர் சராசரியாக 100 புள்ளியில் 60 எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். 40-0 என்ற நிலையில் அவர் ஒரு புள்ளியை விட்டுவிட்டாலும் அந்த கேமை ஜெயிக்கும் வாய்ப்பு இன்னும் 95 சதவீதம் இருக்கும். எடுத்திருந்தால் 100. வித்தியாசம் வெறும் 5. இப்போது 30-40 என்ற நிலைக்கு வாருங்கள். அந்தப் புள்ளியை எடுத்தால் டியூஸ், அதாவது 40-40 சமநிலை, அங்கிருந்து ஜெயிக்கும் வாய்ப்பு 69 சதவீதம். விட்டால் கேம் போச்சு, பூஜ்ஜியம். வித்தியாசம் 69. அதே கோர்ட், அதே பந்து, அதே செர்வ். ஆனால் இந்த ஒரு புள்ளி அந்த ஒரு புள்ளியைவிடக் கிட்டத்தட்ட 14 மடங்கு கனம்.

வாழ்க்கையும் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணப்படுகிறது. நம்மில் பலர் எல்லா நாளுக்கும் ஒரே சக்தியைப் பகிர்ந்து செலவழிக்கிறோம், அல்லது இன்னும் மோசமாக, எடை குறைந்த இடத்தில் உயிரைக் கொடுத்துவிட்டுக் கனமான இடத்தில் அசட்டையாக இருக்கிறோம். மனை வாங்குகிறவர்களைக் கவனியுங்கள். சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைக்க மூன்று வாரம் பேரம் பேசுவார்கள். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று இதையெல்லாம் ஒரு வக்கீலிடம் காட்டுவதற்கு ஒரு நாள் ஒதுக்க மாட்டார்கள். பேரம் 40-0 புள்ளி. பத்திரம் பார்ப்பது 30-40.

எது கனமான புள்ளி என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, இதில் தவறினால் திரும்பச் சரிசெய்ய முடியுமா? இரண்டு, இதன் முடிவு அடுத்து வரும் பல முடிவுகளைக் கட்டிப்போடுமா? முதல் கேள்விக்கு 'முடியாது', இரண்டாவதற்கு 'ஆமாம்' என்றால் அது பிரேக் பாயிண்ட், அதாவது அந்த 30-40 புள்ளி. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, கடனுக்கு ஜாமீன் நிற்பது, அறுவை சிகிச்சைக்கு முன் இன்னொரு மருத்துவரிடம் கேட்பது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் அந்த வகை. அலுவலகத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் அந்த வகை இல்லை. அதற்காக இரவு தூங்காமல் இருக்க வேண்டியதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 40-0 புள்ளியில் எதைப் புதிதாக முயன்றாலும் நஷ்டம் குறைவு. நல்ல ஆட்டக்காரர்கள் அங்கேதான் நெட்டை ஒட்டிப் பந்தை விழவைக்கும் டிராப் ஷாட் போட்டுப் பார்ப்பார்கள், செர்வைப் புது மூலைக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். எதிராளி என்ன செய்கிறார் என்ற தகவல் இலவசமாகக் கிடைக்கும். எடை குறைந்த நாட்களைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், கனமான நாளில் முதல் தடவையாக எதையும் செய்யக்கூடாது.

டை-பிரேக்கில் ஜோகோவிச் செய்தது

நெருக்கடியில் பெரிய வீரர்கள் அற்புதமான ஷாட் அடிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அன்று நடந்தது அதற்கு நேர்மாறு. மூன்று டை-பிரேக்குகளிலும் சேர்த்து ஃபெடரர் தானாகச் செய்த தவறுகள் 11. ஜோகோவிச் செய்தது ஒன்றுகூட இல்லை. அவர் கோட்டை ஒட்டி அடிக்கவில்லை. கோட்டிலிருந்து நன்றாக உள்ளே, ஆழமாக, பெரும்பாலும் குறுக்காக அடித்துக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு பந்து அடிக்க வேண்டிய கட்டாயத்தை ஃபெடரருக்கு உண்டாக்கினார், அவ்வளவுதான்.

'குறுக்காக' என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. டென்னிஸ் நெட் கம்பத்தருகே மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்றடி. கோர்ட்டின் நீளம் 78 அடி, ஒற்றையர் அகலம் 27 அடி. நேர்க்கோட்டில் அடித்தால் பந்து நெட்டின் உயரமான ஓரத்தைத் தாண்ட வேண்டும், விழுவதற்கு இருக்கும் நீளமும் குறைவு. மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக அடித்தால் நெட் அரையடி தாழ்வு, கோர்ட் நாலரை அடி கூடுதல் நீளம். இது தவிர, வந்த திசையிலேயே பந்தைத் திருப்பி அனுப்புவது ராக்கெட்டின் கோணத்தை மாற்றித் திசை திருப்புவதைவிடச் சுலபம். கை இறுகிப்போயிருக்கும் நேரத்தில் இந்த அரையடியும் நாலரை அடியும் உயிர்காப்பவை. நேர்க்கோட்டில் (டவுன்-த-லைன்) அடிக்கக்கூடாது என்பதில்லை. கால் சரியாக ஊன்றி, பந்து இடுப்புயரத்தில், கோர்ட்டுக்குள் நின்று அடிக்கக் கிடைத்தால் அடிக்கலாம். பதற்றத்தில் செய்யும் தவறு என்னவென்றால், பந்து மாறி மாறிப் போகும் ராலியை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சமநிலை இல்லாதபோதே நேர்க்கோட்டில் அடிப்பது. உள்ளூர் கிளப் ஆட்டத்தில் டை-பிரேக் போவதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்.

கோர்ட்டுக்கு வெளியே இதற்கு நேரான உதாரணம் போட்டித் தேர்வு. யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். நான்கு விருப்பங்களில் ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் போட்டால் சராசரி லாபம் சரியாகப் பூஜ்ஜியம். ஒரு விருப்பத்தை உறுதியாக நீக்க முடிந்தால் கேள்வி மதிப்பில் ஒன்பதில் ஒரு பங்கு லாபம். இரண்டை நீக்கினால் மூன்றில் ஒரு பங்கு. ஆக, எப்போது அடிப்பது, எப்போது விடுவது என்பதற்குத் துணிச்சல் அளவுகோல் இல்லை. எத்தனை விருப்பத்தை நீக்கினோம் என்பதுதான் அளவுகோல். இந்த விதியைத் தேர்வுக்கு முன்பே, மாதிரித் தேர்வுகளிலேயே முடிவு செய்து பழகியிருக்க வேண்டும். தேர்வறையில் கடைசிப் பத்து நிமிடத்தில் முடிவெடுப்பவர்கள் சமநிலை இல்லாமல் நேர்க்கோட்டில் அடிப்பவர்கள்.

8-7, 40-15

ஐந்தாவது செட். 7-7ல் ஜோகோவிச்சின் செர்வை உடைத்து ஃபெடரர் 8-7 என்று முன்னேறினார். அடுத்த கேமில் ஏஸ் போட்டே 40-15க்கு வந்தார். இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட், செர்வும் அவர் கையில். முதல் புள்ளியில் ஃபோர்ஹேண்ட் பக்கவாட்டில் வெளியே போனது. இரண்டாவதில் ஃபோர்ஹேண்டை அடித்துவிட்டு நெட்டுக்கு ஏறினார். பந்து ஜோகோவிச்சின் ஃபோர்ஹேண்டுக்கே போனது, நெட்டில் நிற்பவரைத் தாண்டிக் குறுக்காக ஒரு பாஸிங் ஷாட், ஃபெடரரால் தொட முடியவில்லை. கேமும் போனது, 8-8.

இதைப் 'பயந்துவிட்டார்' என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செர்வில் 100க்கு 70 புள்ளி எடுக்கும் ஒருவர் 40-15லிருந்து கேமை இழப்பது நூற்றில் ஒன்று அல்லது இரண்டு தடவை நடக்கும். நடக்கவே நடக்காத விஷயம் இல்லை, எப்போது நடந்தது என்பதுதான் வலி. 2011 யுஎஸ் ஓப்பன் அரையிறுதியிலும் இதே இருவர், ஐந்தாவது செட்டில் 5-3, 40-15, ஃபெடரர் செர்வ். அன்றும் ஜோகோவிச் ஃபோர்ஹேண்ட் ரிட்டர்னில் ஒரு வின்னர் அடித்துத் தப்பி, ஆட்டத்தையும் எடுத்தார். அந்த நினைவு எட்டு வருடம் கழித்து ஃபெடரர் தலைக்குள் வந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் பொதுவாக, முடித்துவைக்க வேண்டிய இடத்தில் ஏன் சறுக்குகிறோம் என்பதை உடலளவில் விளக்கலாம். ஜெயித்தால் என்ன ஆகும் என்று மனம் முன்னே ஓடும்போது தோளும் முன்கையும் இறுகும். பிடி இறுகினால் மணிக்கட்டு சுழலாது, ராக்கெட்டின் வேகம் குறையும், பந்தைக் கோர்ட்டுக்குள் இறக்கும் டாப்ஸ்பின் சுழற்சி குறையும், பந்து தாழ்ந்து நெட்டில் விழும் அல்லது சுழலாமல் நீளமாகப் போகும். கால்களும் நின்றுவிடும், கடைசி இரண்டு சின்ன எட்டுகளை வைக்க மாட்டோம், பந்து உடலுக்கு மிக அருகில் வந்துவிடும். பயிற்சியாளர்கள் 'நிதானமாக ஆடு' என்று சொல்லாமல் 'காலை ஆட்டு' என்று கத்துவதற்குக் காரணம் இதுதான். மனதை நேரடியாக அதட்டிச் சரிசெய்ய முடியாது, காலை முடியும்.

வேலையில் இதற்குச் சமமான கட்டம், 90 சதவீதம் முடிந்த புராஜெக்ட். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம், மென்பொருளைக் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள், கட்டடத்தில் பூச்சு வேலை முடிந்து குழாய் மாட்டும் கட்டம். அங்கே இரண்டு வகைத் தவறு நடக்கிறது. ஒன்று, அதுவரை பலன் கொடுத்த முறையை விட்டுவிட்டுப் பாதுகாப்பாக ஆடுகிறேன் என்று மந்தமாவது. இரண்டாவது, ஒரே அடியில் முடிக்கப் பார்ப்பது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: 40-15க்கு எப்படி வந்தோமோ அதே வரிசையைத் திரும்பச் செய்வது. சோதனை செய்து சோதனை செய்து கொடுத்துக்கொண்டிருந்த குழு, கடைசி நாளில் மட்டும் சோதனையைத் தவிர்க்கக்கூடாது.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே

4 மணி 57 நிமிடத்தை 422 புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 42 விநாடி வருகிறது. புல்தரையில் பல ராலிகள் ஐந்தாறு விநாடிக்குள் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் நடை, துண்டு, பந்தைத் தட்டுவது, பக்கம் மாறும்போது உட்காருவது. இப்போதைய விதிப்படி புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 25 விநாடி, பக்கம் மாறும்போது 90 விநாடி, செட் முடிந்தால் 120 விநாடி. ஐந்து செட் ஆட்டத்தில் மனம் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் ஜிம் லோர் ஆட்டப் பதிவுகளை உட்கார்ந்து பார்த்துக் கண்டறிந்ததும் இதைத்தான். புள்ளி நடக்கும்போது முன்னணி வீரர்களுக்கும் அடுத்த நிலை வீரர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புள்ளி முடிந்த பிறகு தெரிந்தது. அந்த இடைவெளியை அவர் நான்கு கட்டங்களாகப் பிரித்தார். புள்ளி முடிந்த உடனே மூன்று, நான்கு விநாடிக்கு உடல் தோரணை: நெட்டுக்கு முதுகைத் திருப்பி, ராக்கெட்டை அடிக்காத கைக்கு மாற்றி, தலை நிமிர்ந்து நடப்பது. அடுத்து தளர்த்துவது: பார்வையை ராக்கெட் நரம்பில் வைத்து, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக வைத்து இரண்டு மூச்சு. மூன்றாவது, திட்டம்: ஸ்கோர் என்ன, இந்த செர்வ் எந்த மூலைக்கு, பந்து திரும்பி வந்தால் முதல் அடி எங்கே. நான்காவது சடங்கு: பந்தை வழக்கமான எண்ணிக்கையில் தட்டி, செர்வ். ஜோகோவிச் நெருக்கடியில் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர் அந்த நான்காவது கட்டத்தில் நிற்கிறார்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டி நேராகத் திட்டத்துக்குப் போவது. கோபம் இறங்காத நிலையில் போடும் திட்டம் பழிவாங்கும் திட்டமாகத்தான் இருக்கும்: 'போன பந்தை நெட்டில் அடித்தேன், இதை இன்னும் பலமாக அடிக்கிறேன்.'

நேர்முகத் தேர்வில் ஒரு கேள்விக்குத் தடுமாறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகை நாற்காலியில் சாய்த்து, கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைப்பது முதல் கட்டம். ஒரு நீளமான வெளிமூச்சு இரண்டாவது. அடுத்த கேள்வியை முழுதாகக் கேட்டு, பதிலின் முதல் வாக்கியத்தை மட்டும் மனதுக்குள் முடிவு செய்வது மூன்றாவது. பேசத் தொடங்கும்போது எப்போதும் போல நிதானமான குரலில் தொடங்குவது நான்காவது. மொத்தம் ஏழெட்டு விநாடி, எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. நடுவில் போன கேள்விக்குத் திரும்பிப் போய் விளக்கம் கொடுக்காதீர்கள். தகவல் பிழை சொல்லியிருந்தால் மட்டும் ஒரே வாக்கியத்தில் திருத்திவிட்டு நகரலாம். இந்தப் பழக்கமும் ஒரே நாளில் வராது. வீட்டில் மாதிரிக் கேள்விகளோடு, வேண்டுமென்றே தெரியாத கேள்விகளைக் கேட்கச் சொல்லி, இருபது முப்பது தடவை செய்தால்தான் உடம்பில் ஒட்டும்.

ஃபெடரர் 2024ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பில் தன் கணக்கைச் சொன்னார். 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தவர், எடுத்த புள்ளிகள் வெறும் 54 சதவீதம். ஏறக்குறைய இரண்டில் ஒன்றை விட்டவர்தான் டென்னிஸின் பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாமில் 20 பட்டம் எடுத்தவர். விட்ட புள்ளி ஒவ்வொன்றுக்கும் வருந்தியிருந்தால் அவர் இரண்டாவது செட்டைத் தாண்டியிருக்க மாட்டார். இதன் பின்னால் இருக்கும் பெருக்கல் எளிது: செர்வில் 55 சதவீதம் புள்ளி எடுத்தால் 62 சதவீதம் கேம், 60 என்றால் 74, 65 என்றால் 83. புள்ளியில் ஐந்து கூடினால் கேமில் ஒன்பதோ பன்னிரண்டோ கூடுகிறது. செட்டில் அது இன்னும் பெருகும். அன்றாட வேலையில் நான்கைந்து சதவீத முன்னேற்றத்தை அற்பம் என்று தள்ளுபவர்கள் இந்த மூன்று எண்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தைப் பற்றி ஒன்று. அன்று சென்டர் கோர்ட்டில் பெரும்பாலோர் ஃபெடரர் பக்கம். அவர்கள் 'ராஜர்' என்று கத்தும்போது தன் காதில் 'நோவாக்' என்று விழுவதாக வைத்துக்கொள்வேன் என்று ஜோகோவிச் ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் சத்தத்தை நிறுத்த முடியாதபோது சத்தத்துக்கு வேறு பொருள் கொடுப்பது ஒன்றுதான் வழி. உறவினர் கேலியை நிறுத்த முடியாத வீடுகளில் இது வேலை செய்யும்.

பின்தங்கிய நிலையிலிருந்து மீள்வதற்கு நம் ஊர் உதாரணமும் உண்டு. 1966ல் கல்கத்தாவில் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில், இறுதிக்கு யார் போவது என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் பிரேசிலின் தாமஸ் காக்கிடம் ராமநாதன் கிருஷ்ணன் இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் பின்தங்கி, நான்காவது செட்டில் 2-5 என்று இருந்தார். அந்த செட்டை 7-5, அடுத்ததை 6-2 என்று எடுத்தார். இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. விரட்டி அடிக்கும் பலம் அவரிடம் இருந்ததில்லை. பந்தை இடம் பார்த்து வைக்கும் கைதான் இருந்தது. 2-5லும் அதையேதான் செய்தார்.

இது எப்போதும் பலிக்குமா?

பலிக்காது. அதே ஜோகோவிச், அதே சென்டர் கோர்ட், 2023 இறுதிப் போட்டி. கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் தொடர்ந்து 15 டை-பிரேக் ஜெயித்து வந்தவர், ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸுக்கு எதிராக இரண்டாவது செட் டை-பிரேக்கில் செட் பாயிண்ட் வைத்திருந்து, பேக்ஹேண்டை நெட்டில் அடித்தார். 8-6 என்று அல்கராஸ் எடுத்தார், ஐந்து செட்டில் கோப்பையையும் எடுத்தார். முறை சரியாக இருந்தும் கை தவறும். 21-12 என்பதை ஒரு மந்திரமாக எடுத்துக்கொள்பவர்கள் இந்த ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தோல்வி எல்லாருக்கும் ஒரே மாதிரி திருப்பிக் கொடுப்பதும் இல்லை. 2019க்குப் பிறகு ஃபெடரர் இன்னொரு கிராண்ட் ஸ்லாம் இறுதிக்கு வரவேயில்லை. வயது, முழங்கால். அன்று கோர்ட்டிலேயே இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, மறக்க முயல்வேன் என்றுதான் சொன்னார். 2025 ஜூன் 8 பிரெஞ்ச் ஓப்பன் இறுதியில் இத்தாலியின் யானிக் சின்னர், இரண்டு செட் முன்னிலையில் தொடங்கி, நான்காவது செட்டில் 5-3, அல்கராஸ் செர்வில் 0-40 என்று மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட் வைத்திருந்தார். மூன்றும் போயின. 5 மணி 29 நிமிடம், கடைசி டை-பிரேக் 10-2. மொத்தப் புள்ளி சின்னர் 193, அல்கராஸ் 192. இங்கேயும் அதிகம் எடுத்தவர்தான் தோற்றார். ஆனால் சின்னருக்கு 35 நாளில் மருந்து கிடைத்தது: ஜூலை 13, விம்பிள்டன் இறுதி, அதே அல்கராஸ், நான்கு செட்டில் வெற்றி.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் நடுவில் ஒரு ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். அந்த விம்பிள்டனின் நான்காவது சுற்றில் பல்கேரிய வீரர் டிமிட்ரோவ் சின்னரை 6-3, 7-5 என்று இரண்டு செட் முந்தியிருந்தார். மூன்றாவதில் 2-2. அப்போது டிமிட்ரோவுக்கு மார்புத் தசையில் காயம்பட்டு ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டிவந்தது. அது நடக்காமல் இருந்திருந்தால் மீண்டெழுந்த கதையே இருந்திருக்காது என்பது வெகு சாத்தியம். அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டுச் சொல்லப்படும் எந்த வெற்றிக் கதையையும் சந்தேகத்தோடு கேளுங்கள். சின்னர் செய்ததில் உண்மையாக அவருடையது எது என்றால், பிரெஞ்ச் ஓப்பன் தோல்விக்குப் பிறகு சில நாட்களிலேயே ஜெர்மனியில் ஹாலே போட்டிக்குப் போய் ஆடியதும், அங்கே அலெக்சாண்டர் பப்ளிக் என்ற வீரரிடம் தோற்றும் விம்பிள்டனுக்கு வந்து நின்றதும்தான். டிமிட்ரோவின் மார்புத் தசை அவர் கையில் இல்லை.

அடுத்து ஒரு ஐந்து செட் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால், பந்தைத் துரத்துவதைக் கொஞ்சம் விடுங்கள். 30-30, 30-40, டை-பிரேக்கில் 4-4, இந்த ஸ்கோர் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். புள்ளி முடிந்ததும் கேமரா யார் முகத்தைக் காட்டினாலும் அவர் ராக்கெட் எந்தக் கையில் இருக்கிறது, எத்தனை விநாடியில் கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்குத் திரும்புகிறார், வழக்கத்தைவிட வேகமாகவா மெதுவாகவா என்று கவனியுங்கள். முதல் செர்வ் தவறினால் போடும் இரண்டாவது செர்வ் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கட்டத்தின் நடுவில், மெதுவாக விழத் தொடங்கிவிட்டால் கை இறுகிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஸ்கோர் போர்டு மாறுவதற்கு இரண்டு கேம் முன்னதாகவே இது தெரிந்துவிடும்.